ரெட்டை ஆரன் வைத்த கார்

1972 ஜூலை 3, திங்கள். மன்னார்குடி

காலையில் எல்லையம்மாள் வந்தாள். வயல் கூலிக்காரர்கள் இருக்கிற வாய்க்கால் கரைக் குடித்தெருவிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். அவள் சொல்லாமலே தெரிந்துவிட்டது. ஐந்து மாதம். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் முந்தின இரண்டும் நினைவுக்கு வந்தன.

முதல் பிள்ளை அவள் குடிசையிலேயே போயிற்று. இரண்டாவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தது. கத்தி வைக்காமல் முடியாது என்று மாட்டு வண்டியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். அந்த மாடுகள் நடந்த நடை இருக்கிறதே! பாதி வழியில் என் கையடியிலேயே பிள்ளையின் துடிப்பு அடங்கிவிட்டது. இருபது வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவள் நான். என்ன பிரயோஜனம்?

"இந்தத் தடவ எப்புடிம்மா போவோம்?" என்று கேட்டாள்.

"கார்ல போவோம்டி" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. எந்தக் காரில்? சேசுவே, மரியே, சூசையே! என்னிடம் சைக்கிள்கூடக் கிடையாது.

ஜூலை 5

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து, நாலு வருஷமாய்ப் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருக்கிற மனுஷர். "கார் வாங்கலாம். என் இரட்டை வடச் சங்கிலி இருக்கிறது" என்றதும் பேப்பரைக் கீழே போட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் பேசி அவர் பேப்பரைக் கீழே போட்டது இதுதான் முதல் தடவை.

ஜூலை 9, ஞாயிறு

பூசை முடிந்து நேரே மூஸா பட்டறைக்குப் போனோம். கூத்தாநல்லூர்க்காரர். மலேயாவில் இருந்துவிட்டு இந்த வருஷம்தான் வந்து தெப்பக்குளத்துப் பக்கம் பட்டறை போட்டிருக்கிறார்.

"பெயிண்டப் பாக்காதீங்க நர்சம்மா. கருக்கல்லயே போயி, இஞ்சின் சூடாவுறதுக்கு முன்னால பாக்கணும். நாம போறதுக்குள்ள சூடு பண்ணி வச்சிருந்தா எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம்" என்றார். அவரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 16, ஞாயிறு

ஒரத்தநாட்டுத் தரகர் ஒருவர் வீட்டு வாசலில் அம்பாசடர் நின்றது. புதிதாய் வெள்ளை அடித்து, புதுப்பெண் மாதிரி. எனக்குப் பார்த்தவுடனே சந்தேகம். மூஸா பெயிண்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எண்ணெய்க் குச்சியை உருவி முகர்ந்தார், புகைக்குழாயில் கை வைத்தார், சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் நுழைந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. வெகுநேரம் கழித்து வெளியே வந்து, "வண்டி தங்கம். யாரோ அருமையாத்தான் வச்சிருந்திருக்காங்க" என்றார்.

விலையைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. அந்த விலைக்கு ஒரு ஜோடி நல்ல உழவு மாடு வராது!

"யார் வச்சிருந்த வண்டிங்க?" என்று கேட்டேன்.

"பெரிய இடம்மா. புது வண்டி எடுத்துட்டாங்க, இது சும்மா நெல்லுக் கொட்டகையில கெடந்துது" என்றார் தரகர். நான் மேலே கேட்பதற்குள் வீட்டுக்காரர், "வண்டிக்கு என்ன ஜாதகமா பாக்கப் போற? இஞ்சினப் பாரு" என்று அடக்கிவிட்டார். ஆரனை வேறு அழுத்திக் காட்டினார்கள். லாரிக்கு வைக்கிற ரெட்டை ஆரன். பாம்—பீம் என்று ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தம். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்காகவே வாங்கியிருப்பார்.

ஜூலை 22

கார் வீட்டுக்கு வந்தாயிற்று. சங்கிலி போயாயிற்று. கழுத்து லேசாக இருக்கிறது.

ஜூலை 23

பின்சீட்டைத் தூக்கினால் எலிக்கூடு! கண் திறக்காத குஞ்சுகள் வேறு. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுப் பாய் ஓடிவந்துவிட்டார். வயரையெல்லாம் கடித்து வைத்திருக்கிறது. மூஸா நாள் முழுக்க உட்கார்ந்து புது வயர் போட்டார். இவர் டிக்கியில் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

தினம் காலையில் என்னென்ன செய்ய வேண்டும் என்று மூஸா சொல்லியிருக்கிறார். ரேடியேட்டர் தண்ணீர், எண்ணெய், டயர்க் காற்று, பாட்டரி. கட்டின பெண்டாட்டிக்குத் தலைவலி என்றால் ஒரு மாத்திரை வாங்கித் தராத மனுஷர், பாட்டரிக்கென்று தனியாய்ச் சீசாவில் தண்ணீர் வாங்கி வருகிறார். "பாட்டரி எறங்கிடுச்சுன்னா வண்டி பொணம்டி" என்கிறார். இதைத் தினமும் சொல்கிறார்.

ஜூலை 29

டிக்கியைத் திறந்தேன். உள்ளே நாற்றங்கால்! விரிப்புக்கு அடியிலிருந்து பச்சைப் பசேலென்று நெல் முளைத்து நிற்கிறது. ஒரு விரல் உயரம். இவர் கழுவின தண்ணீரில் முளைத்திருக்கிறது. சர்க்காருக்கு லெவி நெல் அளக்கப் பயந்து இதில் ஒளித்துக் கடத்தியிருப்பார்களோ? இவர் சிரித்துக்கொண்டே பிடுங்கிப் போட்டார். கார் வாங்கினால் நிலமும் கூட வந்திருக்கிறதாம். நிலச் சீர்திருத்தமாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

எல்லையம்மாளைப் பார்க்கக் குடித்தெருவுக்குக் காரில் போனோம். மதியக் கஞ்சி வேளை. அவளை உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வரலாம், பயம் தெளியும் என்று ஆசையாகப் போனேன். தெருவுக்குள் திரும்புகிற இடத்தில் எருமை ஒன்று குறுக்கே நின்றது. இவர் ஆரனை மூன்று தடவை அழுத்தினார். அவ்வளவுதான் செய்தோம். அவ்வளவுதான்!

குடிசைகளிலிருந்து ஆண்கள் ஓடி வந்தார்கள். பாதிச் சாப்பாட்டில், கை கழுவாமல். தலையில் இருந்த துண்டை உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, காருக்கு முன்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். கிழவர்களும் நின்றார்கள். எல்லையம்மாளின் அப்பா ஐயாவு, நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு கடைசியாக வந்து, கடைசியில் நின்றார். அதே நேரம் பெண்கள் பின்பக்கமாக வயலுக்குள் ஓடினார்கள். ஆறு மாத வயிற்றோடு எல்லையம்மாளும் ஓடினாள். வரப்பில் சறுக்கி விழுந்ததைப் பார்த்தேன்.

"ஐயோ, ஏண்டி ஓடற? நான்டி! நான்தான்!" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்து இறங்கினேன்.

என்னைப் பார்த்தார்கள். என் வெள்ளைப் புடவையை, மருந்துப் பெட்டியை. இறங்கி வந்த இவரை. பிறகு ஐயாவு அக்குளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். தோளில் போட்டார். காறித் துப்பிவிட்டுத் திரும்பிப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

எல்லையம்மாளுக்கு அடி ஒன்றும் இல்லை. பிள்ளை துடிப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் நான் பரிசோதித்து முடிக்கும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 7

சாப்பாடு இறங்கவில்லை. இவரும் பேப்பரைப் பிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 9

எல்லையம்மாள் புருஷன் ராசு வந்தான். வாசலோடு நின்றான். உள்ளே வா என்றால் வரவில்லை. காரைக் கையால் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"கறுப்பா இருந்துச்சும்மா. வெள்ள அடிச்சிட்டாங்க. சத்தம் மாறல" என்றான்.

அந்த ஊர் மிராசுதாரின் கார். அறுப்பு நாளில் மதகுக் கரையில் நிறுத்தி மூன்று தடவை ஆரன் அடிப்பார்களாம். வீட்டுக்கு ஒரு ஆள் துண்டை எடுத்துவிட்டு வந்து நிற்க வேண்டுமாம். பிந்தி வந்தவன் கதியை அவன் சொல்லவில்லை. நான்கு வருஷத்துக்கு முன் கூலித் தகராறில், சங்கக் கொடி கட்டினதற்காக ஐயாவுவைப் பிடித்து இந்த டிக்கிக்குள் போட்டுப் பூட்டிக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது கால் அப்படி.

நெல் முளைத்த டிக்கி. இவர் கேலி பண்ணிச் சிரித்த டிக்கி.

பெண் பார்க்கப் போனால் ஏழு தலைமுறையைக் கிளறுகிறோம். எண்ணெயை முகர்ந்தோம், புகையைப் பார்த்தோம், யார் ஏறின வண்டி என்று கேட்டோமா? நான் கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேனே! இந்தப் பக்கத்தில் ஒருத்தனும் வாங்க மாட்டான் என்றுதானே ஒரத்தநாட்டில் கொண்டுபோய் வைத்து விற்றிருக்கிறார்கள். அதனால்தானே அந்த விலை!

ஆகஸ்ட் 10

ரெட்டை ஆரனைக் கழற்றச் சொன்னேன். மூஸாவும் விஷயத்தைக் கேட்டு வெலவெலத்துப் போனார். "வண்டி தங்கம்னு நாந்தானேம்மா சொன்னேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சின்ன ஆரன் ஒன்று மாட்டினார். வாத்து கத்துகிற மாதிரி இருக்கிறது. பெரியதைக் குப்பையில் போடுங்கள் என்றேன். இவருக்கு மனசு வரவில்லை. சாக்கில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 8

வேளாங்கண்ணி. மாதா திருநாள். சாமியார் காரை மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். எல்லாக் கார்களுக்கும் தெளித்தார். நான் டிக்கியைத் திறந்து காட்டி, "இங்கேயும் சாமி" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தெளித்தார்.

செப்டம்பர் 21

பஸ்ஸில் போய், கரையில் நடந்து எல்லையம்மாளைப் பார்த்தேன். இப்போதெல்லாம் அப்படித்தான் போகிறேன். வீட்டு வாசலில் கார் நிற்கிறது, நான் வெயிலில் நடக்கிறேன்.

பிள்ளை மறுபடி குறுக்கே கிடக்கிறது.

"கார்லதான்டி போகணும். நேரமே இருக்காது" என்றேன்.

"செத்தாலும் அதுல ஏற மாட்டேம்மா."

"நீ செத்தா பரவாயில்லையா? பிள்ளை?"

எழுந்து உள்ளே போனாள். கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சை மாற்றுகிற மாதிரி, சங்கத்தில் கூட்டம் போட்டதைச் சொன்னாள். அன்றைக்குத் துண்டை இடுக்கிக்கொண்டு நின்ற வெட்கத்தில் ஆண்கள் பத்து நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லையாம். "இனிமே அந்த ஆரன் சத்தம் கேட்டா, கையில கெடைச்சத எடுத்துக்கிட்டு அடிக்க ஓடணும்னு பேசிட்டாங்க. எங்கப்பாதான் மொதல்ல கை தூக்குனாரு."

நல்லவேளை கழற்றினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 19

மன்னார்குடி முழுக்கக் கட்சி இரண்டாக உடைந்த பேச்சுதான். எங்கள் காரில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்தது. "ஆளுற கட்சியே உடையுது, பழைய ஸ்பிரிங் உடையக் கூடாதா?" என்கிறார் மூஸா. அவருக்கு இப்போதுதான் பழைய சிரிப்பு வந்திருக்கிறது. புதுப் பட்டை போட்டாயிற்று. மழை பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 31

மழை. விடவில்லை. எல்லையம்மாளுக்கு இன்னும் பத்து நாளாவது இருக்கிறது. ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே வந்து படு என்றேன். கேட்டாளா?

நவம்பர் 4, சனி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி.

காலையில் ராசு சைக்கிளில் சேறும் மழையுமாக வந்து விழுந்தான். வலி கண்டுவிட்டது. வண்டி மாடு தண்ணீரில் இறங்க மறுக்கிறது. "கார எடுத்துக்கிட்டு வாங்கம்மா. அவ திட்டுனா திட்டட்டும்" என்றான். போனோம்.

தெருவில் ஆண் பிள்ளையே இல்லை. ஆற்றங்கரையில் உடைப்பு. அத்தனை பேரும் மூங்கிலும் மண்வெட்டியும் வைக்கோல் பிரியுமாய் அதை அடைக்கப் போயிருந்தார்கள். எல்லையம்மாள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காரைப் பார்த்தாள். நான் கெஞ்சுவதற்குத் தயாராக வாயைத் திறந்தேன்.

"டிக்கி பூட்டியிருக்கா?" என்று கேட்டாள்.

"பூட்டியிருக்குடி."

வந்து ஏறினாள். கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

மதகைத் தாண்டவில்லை. கரை இளகிப் பின்சக்கரம் பாதிவரை புதைந்துவிட்டது. இவரும் ராசுவும் தள்ளினார்கள், நானும் தள்ளினேன். கார் வாய்க்கால் பக்கமாகத்தான் சரிந்தது. உள்ளே அவள் அலறுகிறாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. பார்த்தேன். பிள்ளையின் கை வெளியே தெரிந்தது. மாதாவே, மறுபடியுமா! அதே வழி, அதே வாய்க்கால், அதே நான்!

உடைப்பு நடக்கிற இடம் வயலுக்கு அந்தப் பக்கம். புள்ளி புள்ளியாய் ஆட்கள் தெரிந்தார்கள். கத்தினோம். மழைச் சத்தத்தில் எங்களுக்கே கேட்கவில்லை. இவர் ஆரனை அழுத்தினார். வாத்து கத்திற்று. ராசு சைக்கிளை எங்கள் வீட்டிலேயே போட்டுவிட்டு எங்களோடு ஏறியிருந்தான். கரையைச் சுற்றி ஓடிப் போய்ச் சொல்ல நேரம் ஏது?

"அது எங்கம்மா?" என்றாள் எல்லையம்மாள். பல்லைக் கடித்துக்கொண்டு.

"எதுடி?"

"அந்தப் பழைய ஆரன்."

"டிக்கில கெடக்கு. ஏன்?"

"எடுத்து அடிக்கச் சொல்லுங்க."

எனக்குப் புரிந்தது. "பைத்தியமாடி உனக்கு? வேணாம். வெட்டிப் போடுவாங்க!"

"வெட்டத்தான் வருவாங்க. வரட்டும்மா! கை வேணும்மா இப்ப. இத்தன வருசம் அந்த ஆளுக்கு ஓடியாந்தாங்கள்ல, இன்னக்கி எம் புள்ளைக்கு ஓடியாரட்டும்!"

இவர் இறங்கி ஓடினார். டிக்கியிலிருந்து ஆரனை எடுத்தார், மழையில் பானட்டைத் தூக்கினார், இரண்டு வயரைப் பாட்டரியில் தொட்டார். பாம்—பீம். ஒன்று. இரண்டு. மூன்று.

புள்ளிகள் நின்றன. அப்புறம் அத்தனையும் எங்களைப் பார்த்து நகர்ந்தன.

வயலோடு வயலாக, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். கையில் மண்வெட்டி, மூங்கில், அரிவாள். ஒருவர் தலையிலிருந்தும் துண்டு இறங்கவில்லை. அவர்கள் போட்ட கூச்சலில் எனக்கு மூத்திரமே வந்துவிட்டது. எழுதுவதற்கு என்ன வெட்கம்? எல்லோருக்கும் முன்னால் ஐயாவு. அந்தக் காலோடு எப்படி அப்படி ஓடினார்? நான் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். "அடிக்காதீங்க! உங்க பொண்ணு! உள்ள உங்க பொண்ணு!" அவர் ஓங்கிய மண்வெட்டி நிற்காமல் பானட்டில் இறங்கியது. இவர் தலைக்கு ஒரு சாண் தள்ளி.

உள்ளேயிருந்து எல்லையம்மாள் கத்தினாள்: "யப்பா, நாந்தான் அடிக்கச் சொன்னேன்! தூக்குங்கப்பா!"

ஐயாவு கண்ணாடி வழியாகப் பார்த்தார். வாய் கோணிற்று. அழுகையா கோபமா தெரியவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி, "மூங்கில சக்கரத்துக்கு அடியில போடுங்கடா!" என்றார். எங்களை அடிக்கக் கொண்டுவந்த மூங்கில் எல்லாம் சக்கரத்தடியில் போயிற்று. நான் உள்ளே ஏறி அவளைப் பிடித்துக்கொண்டேன். மீதிப் பேர் காரைத் தூக்கினார்கள். தள்ளவில்லை, தூக்கினார்கள். அவளோடும் என்னோடும் சேர்த்து அந்தரத்தில். எனக்குக் கீழே தரை இல்லை.

சக்கரம் ரோட்டில் பட்டதும் இவர் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. வண்டி கிளம்பிவிட்டது. எலி கடித்த வண்டி, மண்வெட்டி வாங்கின வண்டி, ஒரு தடவை முனகக்கூட இல்லை.

பெண் பிள்ளை. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். முதலில் அழவில்லை. டாக்டர் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். அப்போதும் அழவில்லை. நான் சுவரோடு சாய்ந்துவிட்டேன். பிறகு அழுதது. வெளியே வராந்தாவில் இருந்த இவருக்குக் கேட்டிருக்கிறது. ரெட்டை ஆரன் தோற்றது என்று இன்று காலை சொல்கிறார்.

இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். இருவரும்! இன்னும் நம்ப முடியவில்லை.

நவம்பர் 7

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐயாவு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னக்கி உங்கள அடிச்சிருப்பேன்."

"தெரியும்" என்றேன்.

"சாரு தப்பிச்சாரு."

"அதுவும் தெரியும்."

"பானட்டுக்கு எவ்வளவு ஆவும்?" என்று கேட்டார். மூஸா தட்டி நிமிர்த்திவிட்டார், காசு வாங்கவில்லை என்றேன். தலையை ஆட்டினார். பேத்தியைக் கையில் கொடுத்தேன். எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் பிடித்தார்.

டிசம்பர் 2

எண்ணெய் மாற்றினோம். இரண்டு டயருக்கு ரப்பர் ஒட்டினோம். எல்லையம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: பெரிய ஆரனையே திரும்ப மாட்டச் சொல்லி. சின்னது கரைக்குக்கூடக் கேட்காதாம், தெருவில் இன்னும் இரண்டு பேர் முழுகாமல் இருக்கிறார்களாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. மூஸா மாட்டிவிட்டார். நான் அதைத் தொடப் போவதில்லை.

1973 ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். எல்லையம்மாள் கூப்பிட்டிருந்தாள். காரில்தான் போனோம், தெருவுக்குள்ளேயே. பிள்ளை நன்றாகச் சதை வைத்திருக்கிறது. தெருவில் அதை 'ஆரன்' என்று கூப்பிடுகிறார்களாம். அப்படிக் கூப்பிட்ட ஒருத்தியை எல்லையம்மாள் விளக்குமாற்றோடு துரத்தினதாக ராசு சொன்னான்.

நான் உள்ளே பிள்ளைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். வெளியே பாம்—பீம், பாம்—பீம் என்று அலறிற்று. எனக்கு உயிரே போய்விட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். தெருப் பிள்ளைகள் அத்தனையும் காருக்குள் அடைந்து, ஆள் மாற்றி ஆள் ஆரனை அழுத்துகின்றன. டிக்கிக்குள் வேறு நான்கு பேர் உட்கார்ந்து கரும்பு தின்கிறார்கள். இவர் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

தெருவைப் பார்த்தேன். ஆண்கள் வேப்பமர நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஐயாவு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையிலிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி பாம்—பீம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டேய்," என்றார், ஒரு சீட்டைக் கீழே போட்டபடி. "போதும்டா. பாட்டரி எறங்கிடும்."